சாட்சி இடத்தில் பிரேமலா

கனகராஜ் கேட்டு பிரேமலா எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. எப்படிச் சொல்வாள்? மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் காளிதாஸ் மாரடைப்பில் போனபோது, மெலூர் அடுக்குமாடியின் நிர்வாக ஆபீஸ் மேனேஜரான இந்தக் கனகராஜ்தான் கார் நிறுத்தும் இடத்தில் ஆறு கட்டங்களைக் காலி செய்து கூடாரம் போட்டான். ஆபீஸ் நாற்காலிகள் அத்தனையையும் இறக்கினான். சவப்பெட்டி லிஃப்டுக்குள் நுழையாது என்று தெரிந்ததும் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, மூன்றாம் மாடியிலிருந்து படிவழியாக ஒரு மூலையைத் தன் தோளில் தாங்கி இறக்கினான். அவளுடைய கூடப்பிறந்த தம்பி பினாங்கிலிருந்து மறுநாள்தான் வந்து சேர்ந்தான். அப்படிப்பட்ட மனுஷன் வாசலில் வந்து "அக்கா" என்று நின்றால் மறுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

அன்றைக்குக் காலையும் அப்படித்தான் வந்து நின்றான். கையில் ஒரு கட்டுக் காகிதம்.

"பசியாறிட்டீங்களாக்கா?"

"ஆச்சுப்பா. உள்ள வா. கோப்பி கலக்கவா?"

"இருக்கட்டும்கா. ஒரு ஒதவி வேணும். அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயித்துக்கெழம ஆண்டுக் கூட்டம். போன வருஷம் மாதிரி ஆளு சேரலன்னா லிஃப்டு வேல இன்னொரு வருஷம் தள்ளிப் போயிரும். பி ப்ளோக் லிஃப்ட நீங்களே பாக்கறீங்கதானே? அது நெனச்சா ஏறுது, நெனச்சா நிக்குது."

பார்க்கத்தான் செய்கிறாள். போன மாதம்கூட அதற்குள் ஒரு கிழவர் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டு கத்தினார். ஆனால் ஜொகூர் பாரு தம்போயில் இருக்கும் இந்த அடுக்குமாடியில் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது லேசுப்பட்ட காரியமா? பாதிக் குடும்பங்கள் விடியுமுன் மோட்டாரைக் கிளப்பிப் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவை. வாரத்தில் ஒரு நாள் கிடைத்தால் தூங்குவார்களா, கூட்டத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்களா?

"அதுக்குத்தான்கா இந்த ப்ராக்சி ஃபாரம்" என்று கட்டை மேசைமேல் வைத்தான் கனகராஜ். "வர முடியாதவங்களுக்குப் பதிலா இன்னொருத்தரு வந்து கை தூக்கலாம். வீட்டுக்காரங்க கையெழுத்து இருந்தாப் போதும். நான் போயிக் கேட்டா 'அப்பறம் பாக்கலாம் பாஸ்'னு கதவச் சாத்திருவாங்க. நீங்க கேட்டாப் போடுவாங்க."

அது முகஸ்துதி இல்லை, உண்மை. ஏன் உண்மை என்றால் அந்த அறைதான் காரணம்.

பி ப்ளோக்கின் கீழ்மாடியில், நிர்வாக ஆபீஸை ஒட்டினாற்போல் ஒரு அறை இருக்கிறது. ஏழு வருஷத்துக்கு முன்பு அதில் உடைந்த நாற்காலியும் எலியும் குடியிருந்தன. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அம்மா அப்பா வரும்வரை படிக்கட்டில் காத்துக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் பிரேமலா ஒருநாள் ஆபீசுக்குப் போய், "அந்த ரூமக் குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். கனகராஜ் அன்றைக்கே சாவியைக் கொடுத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் என்று கூட்டு வேலை வைத்து ஆள் திரட்டிச் சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தான். இரண்டு மின்விசிறி மாட்டினான். அதிலிருந்து மத்தியானம் ஒரு மணிமுதல் ஏழு மணிவரை இருபத்திரண்டு பிள்ளைகள் அங்கே. தமிழ்ப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், சீன வீட்டு இரட்டையர் இரண்டு பேர். கட்டிக் கொடுத்த சோற்றைச் சூடு பண்ணிப் போடுவாள், வீட்டுப்பாடம் செய்ய வைப்பாள், சண்டை போட்டால் காதைத் திருகுவாள். இதற்கென்று அவள் யாரிடமும் காசு கேட்டுக் கை நீட்டியதில்லை. ஒருத்தர் அரிசி மூட்டை இறக்குவார். இன்னொருத்தர் மைலோ டின் கொண்டுவருவார். அந்த அறை இருப்பதால்தான் அந்த இருபத்திரண்டு பிள்ளைகளின் தாய்மார்களும் நிம்மதியாகப் பாலம் கடக்கிறார்கள்.

நிர்வாக ஆபீஸ் என்றால் மாதச் சந்தா கேட்கவும், தப்பான இடத்தில் நிறுத்திய கார்ச் சக்கரத்துக்குப் பூட்டுப் போடவும்தான் என்று பலபேர் நினைப்பு. மெலூரில் அப்படி இல்லை. நியாயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். பொங்கலுக்குக் கார் நிறுத்தும் இடத்தில் நாற்பது அடுப்பு வரிசையாக எரியும். சீனப் பெருநாளுக்கு அதே இடத்தில் சிங்க நடனம். நோன்பு மாதத்தில் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி எல்லா மாடிக்கும் போகும். கல்யாணமோ சாவோ, முதலில் அடிப்பது கனகராஜின் போன்தான். இத்தனைக்கும் நடுநாயகம் அவன். அவனைப் போய் யார் சந்தேகப்படுவது?

"எல்லாக் கட்டத்தையும் நெரப்பணுமா?" என்று கேட்டாள் பிரேமலா.

"வேணாங்கா. வீட்டு நம்பரு, பேரு, கையெழுத்து போதும். யாரு பதிலா வர்றாங்கங்கற எடத்த மட்டும் வெறுமன விட்டுருங்க. ஒரு ஆளு ஒரு வீட்டுக்குத்தான் ப்ராக்சி நிக்கலாம்னு சட்டம். இப்பவே எழுதிட்டு அன்னிக்கி அந்த ஆளு வரலன்னா ஃபாரம் வீணாப் போயிரும்லா. கூட்டத்துக்கு யாரு வர்றாங்களோ அவங்க பேர நான் எழுதிக்கறேன்." கதவருகே போய்விட்டுத் திரும்பினான். "கீழ சாட்சின்னு ஒரு எடம் இருக்கும். அதுல நீங்களே ஒரு கையெழுத்து போட்டுருங்க. ஒங்க பேரு இருந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

அவளுக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பது நாள் ஏறி இறங்கினாள். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு ஏறினாள். யாரும் படித்துப் பார்க்கவில்லை. எதற்குப் படிப்பார்கள்? வெறும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது நம் ஆட்களுக்குப் புதிதா என்ன? ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி காட்டிய இடத்தில் கட்டைவிரலை உருட்டிய பரம்பரை. பேரப்பிள்ளைகள் பேனா பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள், படித்துவிட்டுப் போட வேண்டும் என்பதைத்தான் இன்னும் கற்கவில்லை. பிரேமலாவும் லாபிஸ் பக்கத்துத் தோட்டத்துப் பெண்தான், அவளும் படிக்கவில்லை.

நாலாம் மாடி ஷர்மினி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக ஏழு மணிக்கு அறைக்கு வந்தபோது ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. புருஷன் விட்டுப் போனபின் சிங்கப்பூர் மின்னணுத் தொழிற்சாலையில் தனியாக உழைத்து அந்த வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவள். எட்டு வயது மகள் சாருமதி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா இது?"

"ஆண்டுக் கூட்டத்துக்குமா. லிஃப்டு வேலைக்கு. நீ வர முடியாதுல்ல, அதான்."

"யாரு பேரு எழுதணும்?"

"அத ஆபீஸ்ல எழுதிக்குவாங்க."

ஷர்மினி பேனாவை வாங்கிச் சுவரில் காகிதத்தை வைத்துப் போட்டாள். "ஒங்க மொகத்துக்கு வெத்துப் பேப்பர்ல கூடப் போடுவேன்கா" என்று சிரித்தாள். பிரேமலாவும் சிரித்துக்கொண்டே சாட்சி இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

வியாழக்கிழமை முப்பத்தொரு ஃபாரம் கனகராஜ் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. "ஒங்களுக்குக் கோயிலே கட்டலாம்கா" என்றான் பாவி.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் பிரேமலாவுக்கு ஆச்சரியம். மெலூர்க்காரர்கள் இருபது பேர் இருப்பார்கள், தெரிந்த முகங்கள். மற்றதெல்லாம் புது முகம். பாதிப்பேர் ஒரே மாதிரி நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். பதிலாள்கள் போலிருக்கிறது, வீட்டுக்காரர்களின் சொந்தக்காரர்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவனிடம், "நீங்க எந்த ப்ளோக்குக்கு வந்திருக்கீங்க தம்பி?" என்று விசாரித்தாள்.

"தெரியாது ஆன்ட்டி. பாஸ் வரச் சொன்னாரு" என்றான் அவன்.

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லையே! கேட்கலாமா என்று அவள் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. முதலில் லிஃப்ட் வேலை. எல்லோரும் கை தூக்கினார்கள். பிரேமலாவும் தூக்கினாள். எல்லோரும் கை தட்டினார்கள். கனகராஜ் மேடைப் பக்கத்திலிருந்து நேராக அவளிடம் வந்து குனிந்து, "அக்கா, நாசி லெமாக் பொட்டலமெல்லாம் வந்திருச்சு. டீயும் ஆறிப் போயிரும். கொஞ்சம் பாருங்களேன்" என்றான்.

அவள் எழுந்து போனாள். மண்டபத்துக்குப் பின்னால் சின்ன அடுப்படி. கோப்பைகளைப் பரத்தினாள், பொட்டலங்களை அடுக்கினாள், கெண்டியிலிருந்து டீயை ஊற்றினாள். உள்ளே யாரோ உரக்கப் பேசுவது கேட்டது. யாரோ "தாக் போலே", முடியாது, என்று மலாயில் கத்துவதும் கேட்டது. கூட்டம் என்றால் நாலுபேர் கத்துவது வழக்கம்தானே என்று இருந்துவிட்டாள். பிறகு மறுபடியும் கைதட்டல். அவள் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கதவருகில் நின்று தானும் கை தட்டினாள். அவள் கணக்குக்கு எல்லாம் லிஃப்ட்தான்.

மூன்றாம் வரிசையில் இருந்த ஐந்தாம் மாடி ரொஹானி அக்கா திரும்பிப் பார்த்தார். அவருடைய பேரனும் அந்த அறைக்கு வருகிற பிள்ளைதான்.

"பிரேமா, நீயுமா கை தட்டுகிறாய்?" என்று மலாயில் கேட்டார். "உன் பிள்ளைகள் இனி எங்கே போவார்கள்?"

பிரேமலா வெள்ளைப் பலகையைப் பார்த்தாள். பி ப்ளோக் கீழ்மாடி அறை, ஐந்து வருஷக் குத்தகைக்கு, காசு போட்டுத் துணி துவைக்கும் சுயசேவை டோபிக் கடை. ஆதரவு முப்பத்தொன்று. எதிர்ப்பு பதினேழு. பதினேழும் மெலூரில் குடியிருப்பவர்கள். முப்பத்தொன்றும் அவள் முழங்கால் தேய வாங்கி வந்தவை. கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்சுவரில் சாய்ந்து நின்ற ஆளை இப்போதுதான் கவனித்தாள். தீபன். கனகராஜின் மனைவிக்குத் தம்பி. ஜொகூர் பாருவில் இரண்டு டோபிக் கடை வைத்திருப்பவன். அவன் போட்டிருந்ததும் அதே நீலச் சட்டை. அதன் பையில் கடைப் பெயர் இருந்தது.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நீலச் சட்டைக்காரர்கள் அவளைத் தாண்டிப் போய் அவள் அடுக்கி வைத்த பொட்டலங்களை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கும்போதே வாசலில் நின்றாள். இரவு முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்த சண்டை ஒன்று இருந்தது. கனகராஜைப் பார்த்ததும் அதில் பாதி மறந்து போயிற்று.

"ஒக்காருங்கக்கா."

"நான் ஒக்கார வரல. பிள்ளைங்க ரூம என்னா பண்ணிட்ட கனகராஜ்?"

"கூட்டத்துல முடிவானதுக்கா. நான் என்னா செய்றது?"

"கூட்டமா? ஒன் மச்சான் கடை ஆளுங்க கூட்டமா?"

"ப்ராக்சியா யாரு வேணும்னாலும் வரலாம்கா. சட்டத்துலயே இருக்கு."

"லிஃப்டுக்குன்னு சொல்லித்தானே வாங்கச் சொன்ன? நானும் வீடு வீடா அதத்தானே சொன்னேன்!"

"லிஃப்டும்தான் பாஸ் ஆயிருச்சே" என்றான் அவன், ரொம்பச் சாதாரணமாக. "அடுத்த வாரம் ஆளு வர்றாங்க. நான் பொய் சொன்னனா?"

அடப் படுபாவி! வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி மேய்ந்ததோடு நிற்கவில்லை, மேய்ந்த வாயைத் துடைத்துக்கொண்டு நியாயமும் பேசியது.

"நான் கம்ப்ளெய்ண்ட் பண்ணுவேன்" என்றாள் பிரேமலா. குரல் உடைந்தது. "மாநகர மன்றத்துல கட்டடத்துக்குன்னு ஆபீஸ் இருக்கு. அங்க போவேன்."

கனகராஜ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தான். முதல் ஃபாரத்தைப் பிரித்து அவள் பக்கமாகத் திருப்பி வைத்தான். அவள் வெறுமையாக விட்ட இடத்தில் ஏதோ ஒரு பெயர் நீல மையில் எழுதியிருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து. அதற்கு மேலே பொடி எழுத்தில் மலாயில் ஒரு வரி.

"படிச்சிப் பாருங்கக்கா. 'இந்த ஃபாரம் என் முன்னால முழுசா நெரப்பப்பட்டு, அப்பறம் கையெழுத்தானது.' சாட்சி நீங்க. இப்ப போயி 'அது வெறும் ஃபாரம்'னு சொன்னீங்கன்னா, பொய்ச் சாட்சி போட்டது யாரு? நானா?"

அவள் அந்தப் பொடி எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"எனக்கு ஒங்க மேல அக்கறைக்கா. இந்த வயசுல எதுக்கு ஒங்களுக்கு இந்தத் தொல்ல? பிள்ளைங்களுக்கு வேற எடம் பாப்போம். கொஞ்ச நாள் போகட்டும்."

அவன் ஃபைலை மூடினான். பிரேமலா அவனுடைய வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காளிதாஸை இறக்கிய தோள். அன்றைக்கு இரண்டாம் மாடித் திருப்பத்தில் சறுக்கப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினானே, அந்தத் தோள்.

"அன்னிக்கி எங்க வீட்டுக்காரரு பெட்டிய தூக்குனியே, அது இதுக்குத்தானா?"

முதல் தடவையாக அவன் கண்ணைத் தாழ்த்தினான். "அது வேற, இது வேறக்கா" என்றான்.

நடித்துத்தான் தூக்கினான் என்றால் காறித் துப்பிவிட்டு வந்திருக்கலாம். நிஜமாகவே தூக்கியவன்தான் நிஜமாகவே இதையும் செய்திருக்கிறான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, காளிதாஸ் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "நம்பிக் கெட்டேங்க, நம்பிக் கெட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

புதன்கிழமை அறையைக் காலி செய்தார்கள். பாய், தட்டு, கரண்டி, பிள்ளைகள் பேர் எழுதி ஒட்டிய தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாம் நடைபாதைக்கு வந்தன. வெள்ளிக்கிழமை துணி துவைக்கும் இயந்திரங்கள் லாரியில் வந்து இறங்கின. மஞ்சள் சுவருக்கு மேல் நீலப் பெயிண்ட் அடித்தார்கள். பிரேமலா எட்டுப் பிள்ளைகளைத் தன் வீட்டுக்குள் அடைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அந்த வீடு கொள்ளாது. மற்றவர்கள் பழையபடி படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

தாய் தகப்பன்மார் யாரைக் கேட்பார்கள்? கனகராஜையா? அவன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. வாட்சாப் குழுவில் ஒருத்தர் எழுதினார்: வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கினது பிரேமலா அக்கா. இன்னொருத்தர்: கூட்டத்தில் கை தட்டினாராம், பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவதாக ஒருத்தர், யாரென்றும் பார்க்கவில்லை அவள்: டோபிக் கடையில் அக்காவுக்கு எவ்வளவு பங்கு? ரொஹானி அக்கா ஒருத்தர்தான் மலாயில் பதில் எழுதினார்: அவளையும் ஏமாற்றியிருக்கிறார்கள், முதலில் கேளுங்கள். அதற்கு யாரும் ஒன்றும் எழுதவில்லை.

ஏழு வருஷம்! சின்ன அம்மையில் கிடந்த பிள்ளைக்குக்கூட வேப்பிலை போட்டுப் பக்கத்தில் இருந்தவள். அவளைப் பார்த்துப் பங்கு எவ்வளவு என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். கேட்க வைத்தவன் கீழ்மாடியில் ஏர்கோன் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

அதற்கடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் ஷர்மினி வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசலில் நின்றே பேசினாள்.

"சாருவோட தட்டும் போத்தலும் இருந்தாக் குடுங்கக்கா."

"எதுக்கும்மா? அவள என் வீட்டுல விடு. எட்டோட ஒம்போது. நான் பாத்துக்கறேன்."

"வேணாம்கா. பண்டார் தெங்காராவுல எங்கக்கா வீட்டுல விட்டுட்டேன். ஸ்கூலும் அங்க மாத்தியாச்சு. செவ்வாக்கெழம மூனு மணி நேரம் படியில ஒக்காந்திருந்தாளாம். மழ வேற. எனக்கு வேல எடத்துல கையே ஓடல." அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. "இனிமே வாரத்துக்கு ஒரு தடவதான் என் பிள்ளைய நான் பாக்கணும்."

"ஷர்மினி, சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. என் புருஷன் மேல ஆண."

"இருக்கலாம்கா. ஆனா நான் கனகராஜுக்குப் போடல. ஒங்க மொகத்துக்குத்தான் போட்டேன்."

தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தத் தட்டில் ஒரு மயில் படம் இருக்கும். மயில் கண்ணில் சோறு ஒட்டக்கூடாது என்று சாருமதி தினமும் சண்டை போடுவாள்.

அவளுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. பொய்ச் சாட்சி என்று தன் தலையில் விழுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தால் கனகராஜ் போட்ட கணக்கு அப்படியே சரியாகிவிடும். அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்று நம்பித்தான் அவளைச் சாட்சியாக்கினான். விழுந்தால் விழட்டும், பழி ஏற்கெனவே விழுந்தாகிவிட்டது. முழுக்க நனைந்தவளுக்கு முக்காடு எதற்கு?

திங்கட்கிழமை பஸ் ஏறி மாநகர மன்றத்துக்குப் போனாள். கட்டடப் பிரிவு முகப்பில் தலைத்துண்டு அணிந்த ஒரு அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"வீட்டு உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும். கையெழுத்துப் போட்டபோது பெயர் இடம் காலியாக இருந்தது, இந்த அறைக்காக என்று யாரும் சொல்லவில்லை என்று. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு சாட்சி. அப்போதுதான் விசாரிக்க முடியும்" என்றார் மலாயில். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நீங்கள் செய்ததையும் நீங்கள் எழுத வேண்டியிருக்கும், அம்மா. அது உங்களுக்கு நல்லதில்லை."

"கர்த்தாஸ் குடுங்க" என்று காகிதம் கேட்டாள் பிரேமலா.

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். மலாய் எழுதி ரொம்ப நாளாகிவிட்டதால் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. முதல் வரியில் கனகராஜ் பெயரை எழுதவில்லை. வெறும் ஃபாரம் முப்பத்தொன்றில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான் என்று முதலில் எழுதினாள். கனகராஜ் நாலாவது வரியில்தான் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் படி ஏறினாள். அதே முப்பத்தொரு கதவு. முதலில் யார் கதவைத் தட்டுவது என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஷர்மினி கதவைத் திறந்தாள். இரும்பு கிரில்லைத் திறக்கவில்லை. கம்பிக்கு இடையில் காகிதத்தை நீட்டினாள் பிரேமலா.

"என்னக்கா இது?"

அதே கேள்வி. பிரேமலா மூச்சை இழுத்து விட்டுக்கொண்டாள். "ரூம திரும்ப வாங்கறதுக்கும்மா. நான் செஞ்ச தப்பையும் எழுதியிருக்கேன். படிச்சிப் பாரு."

ஷர்மினி படித்தாள். முழுசாகப் படித்தாள். இரண்டு பக்கமும், ஒவ்வொரு வரியாக, உதட்டை அசைத்துக்கொண்டு. ஒரு இடத்தில் நிறுத்தி, "இந்த வார்த்தைக்கு என்னா அர்த்தம்?" என்று கேட்டாள். பிரேமலா சொன்னாள். சொன்னது சரிதானா என்று போனில் தட்டிப் பார்த்துக்கொண்டு மேலே படித்தாள். உள்ளே சுவரில் பள்ளிச் சட்டை ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, பழைய பள்ளியின் சின்னம் போட்டது. பிரேமலா பேனாவைப் பிடித்தபடி கால் மாற்றி நின்றாள்.

"வெறும் எடம் எதுவும் இல்லையே?"

"இல்லம்மா. பாரு. எல்லாம் நெரப்பித்தான் கொண்டாந்தேன்."

ஷர்மினி கிரில்லைத் திறந்து பேனாவை வாங்கினாள். "சாரு இனிமே வர மாட்டாக்கா. அங்க ஸ்கூல்ல சேர்த்தாச்சு, திருப்பி இழுத்துட்டு வந்தா பிள்ள பயந்துரும். படியில ஒக்காந்திருக்குதுங்களே, அதுங்களுக்காகப் போடறேன்."

போட்டாள். ஒரு கையெழுத்து கிடைத்தாகிவிட்டது, இன்னும் முப்பதுதான் என்று பிரேமலாவின் மனசு ஒரு நிமிஷம் எழும்பிக்கூட நின்றது. காகிதத்தைச் சுவரில் வைத்துக் குனிந்து, வழக்கம்போலக் கீழே சாட்சி இடத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனாள்.

ஷர்மினி தன் உள்ளங்கையை அந்த இடத்தின் மேல் வைத்து மூடினாள்.

"நீங்க வேணாம்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "மேல ரொஹானி அக்கா இருப்பாங்க. அவங்கள வந்து போடச் சொல்லுங்க."

பிரேமலா பேனாவை மூடினாள். நடைபாதைக் கோடியில் லிஃப்ட் வாசலை மறித்து, பழுது பார்க்கப்படுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று கனகராஜ் கையெழுத்துப் போட்ட அட்டை தொங்கியது. கீழிருந்து துணி துவைக்கும் இயந்திரம் சுற்றும் சத்தம் வந்தது. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ரொஹானி அக்காவைக் கூப்பிட ஐந்தாம் மாடிக்குப் படி ஏறினாள்.